நீலக்குவளையும் காட்டத்தியும்
எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் தாவரங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறியீடு பற்றிப் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். நம்மிடையே மிகுதியாகப் புழங்கித் தேய்ந்துவிட்ட சொல் அது. கவிதையில் ஒரு பூ வந்துவிட்டால், அது எதைக் குறிக்கிறது என்ற வினா உடனே எழுந்துவிடுகிறது. அது என்ன பூ, எப்போது பூக்கும், எங்கே பூக்கும் என்ற வினா எழுவதில்லை. இவ்விரண்டாம் வினாவைக் கேட்காமல் முதல் வினாவுக்கு விடை சொல்லவே முடியாத ஒரு கலையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அது பண்டைய எகிப்தியரின் ஈமக் கலை. கல்லறைச் சுவர், சவப்பெட்டி, இறந்தவருடன் வைத்த பாப்பிரஸ் சுருள், கழுத்தில் இட்ட மாலை ஆகிய எல்லாவற்றிலும் செடியும் கொடியும் மரமும் நிறைந்திருக்கின்றன. பாலைநிலத்தின் விளிம்பில், சூரிய ஒளி நுழையாத குகைகளில், இத்தனை பசுமையை ஏன் தீட்டி வைத்தார்கள்?

தமிழில் இக்கலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இறந்தவரின் கையில் 'தாமரை'யைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆங்கில நூல்களில் 'லோட்டஸ்' என்றிருப்பதைப் பெயர்த்ததால் நேர்ந்த வினை இது. அந்த மலர் தாமரை அன்று. தாமரையின் இலை நீர்மட்டத்துக்கு மேல் குடை பிடித்ததுபோல் எழுந்து நிற்கும். எகிப்தியர் தீட்டிய இலையோ வட்டமாய், ஒரு பக்கம் பிளந்து, நீரோடு நீராகப் படிந்து கிடப்பது. தாமரைக்குரிய பொகுட்டு அந்தப் பழைய ஓவியங்களில் எங்குமே இல்லை. பாரசீகர் எகிப்தை வென்றது கி.மு. 525-இல். ஏறத்தாழ அக்காலத்தில்தான் தாமரை கிழக்கேயிருந்து அந்நாட்டுக்குச் சென்றது. அதற்கடுத்த நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டஸ், எகிப்தியர் லோட்டஸ் என்று அழைக்கும் நீர்மலரைச் சொல்லிவிட்டு, ரோசாவைப் போன்ற வேறொரு நீர்மலரும் ஆற்றில் உண்டு என்றும், அதன் காய் குளவிக் கூட்டைப் போன்றது என்றும், அதில் உண்ணத்தக்க விதைகள் உள்ளன என்றும் குறிக்கிறார். குளவிக் கூடு என்றதும் நமக்குத் தாமரைப் பொகுட்டு கண்முன் வந்துவிடுகிறது. கூர்நோக்குடைய பயணி அவர். இரண்டையும் பிரித்தே பார்த்திருக்கிறார். பிற்காலத்தவர்தாம் ஒன்றாக்கிவிட்டனர்.

எகிப்தியரின் மலர் இருவகைப்பட்டது. ஒன்று நீலம், மற்றொன்று வெள்ளை. நீலத்தின் இதழ்கள் கூர்நுனி உடையவை. மொட்டு ஒடுங்கி நீண்டிருக்கும். வெள்ளையின் இதழ்நுனி மழுங்கியது; மொட்டு உருண்டது; இலையின் விளிம்பில் பற்கள் உண்டு. இரண்டும் நம் ஆம்பலுக்கும் குவளைக்கும் உறவான நிம்ஃபேயா இனத்தைச் சேர்ந்தவை. எகிப்திய நீல மலரைத் தாவரவியலார் சிலர் நம் நாட்டு நீலக்குவளையின் ஒரு வகையாகவே சேர்த்து எண்ணுகின்றனர். ஆகவே அதனை நீலக்குவளை என்று சொல்வதில் தடையில்லை.

சரி, ஆம்பல் என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று சிலர் கருதக்கூடும். அங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கவிமரபில் தாமரை ஞாயிற்றுக்கு உரியது; ஆம்பல் திங்களுக்கு உரியது. ஆம்பல் என்றவுடன் தமிழ் வாசகர் மனத்தில் நிலவு எழுந்துவிடும். எகிப்திய வெள்ளை மலருக்கு அது பொருந்தும். அது மாலையில் விரிந்து மறுநாள் முற்பகலில் கூம்புவது. நீல மலரோ காலையில் விரிந்து, நண்பகல் கடந்ததும் கூம்பி, மறுநாள் காலை மீண்டும் விரிவது. இப்படிச் சில நாள் கழிந்தபின் நீருக்குள் அமிழ்ந்துவிடும். கல்லறை ஓவியங்களில் இறந்தோரின் நாசிக்கருகே மிகுதியாகக் காணப்படுவது இந்த நீல மலரே. அதன் பொருள் முழுதும் அது கண்விழிக்கும் வேளையில் அடங்கியிருக்கிறது. வேளையை மாற்றினால் ஓவியமே மாறிப்போகும்.

எகிப்தியரின் படைப்புக் கதைகளுள் ஒன்றில், தொடக்கத்தில் இருள் சூழ்ந்த பெருநீர் மட்டுமே இருந்தது. அந்நீரிலிருந்து ஒரு மலர் எழுந்து விரிய, அதனுள்ளிருந்து இளஞ்சூரியன் குழந்தையாய் வெளிப்பட்டான். அம்மலரின் தெய்வம் நெஃபர்தெம். சக்காராவில் கி.மு. 24-ஆம் நூற்றாண்டில் எழுந்த உனாஸ் மன்னரின் பிரமிடில் பொறித்த மந்திரங்களிலேயே, இறந்த மன்னர் சூரியக் கடவுளின் நாசியருகே உள்ள மலராக, நெஃபர்தெமாகத் தோன்றுவதாகச் சொல்லப்பட்டுவிட்டது. ஆயிரம் ஆண்டு கழித்து, மன்னர்க்குரியது குடிமக்களுக்கும் வந்தது. 'இறந்தோர் நூல்' என்று நாம் அழைக்கும் மந்திரத் தொகுப்பில் 81-ஆவது மந்திரம், இறந்தவர் இம்மலராக உருமாறுவதற்கு உரியது. ஆனி என்னும் எழுத்தரின் புகழ்பெற்ற பாப்பிரஸ் சுருளில் அதற்குரிய படத்தைக் காணலாம்: ஒரு சிறு குளம், அதிலிருந்து எழும் மலர், மலரின் நடுவே ஒரு மனிதத் தலை. வேறொன்றும் இல்லை. துட்டன்காமனின் கல்லறைப் பொருள்களுள் ஒன்றான மரச் சிற்பத்திலும் இதே கருத்துதான். நீல மலரிலிருந்து இளைஞனின் தலை மேலெழுகிறது.

இங்கே 'போல' என்ற உவம உருபுக்கு இடமில்லை என்பதைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும். மலரைப் போல எழுவேன் என்று இறந்தவர் வேண்டவில்லை. மலராகவே ஆக விரும்பினார். நாள்தோறும் கூம்பி, நாள்தோறும் விரியும் ஓர் உயிரை ஆற்றில் கண்கூடாகக் கண்ட மக்கள், இரவு மூடுவதும் சாவும் ஒன்றே என்றும், காலை விரிவதும் மீட்சியும் ஒன்றே என்றும் துணிந்தார்கள். இதைத் தாமரை என்று பெயர்த்த மாத்திரத்தில், சேற்றில் பிறந்தும் தூய்மை கெடாதது என்ற நம் நாட்டுக் கருத்து தானாக உள்ளே புகுந்துவிடுகிறது. அதற்கும் எகிப்துக்கும் தொடர்பு கிடையாது. அவர்கள் இம்மலரில் சேற்றைப் பார்க்கவில்லை, பொழுதைப் பார்த்தார்கள்.

விருந்துக் காட்சிகளில் ஆணும் பெண்ணும் இம்மலரை மூக்கருகே பிடித்திருப்பதையும் ஒருவருக்கொருவர் நீட்டுவதையும் காண்கிறோம். நீல மலருக்கு நறுமணம் உண்டு. எகிப்திய மொழியில் முகர்தலுக்கும் முத்தமிடலுக்கும் ஒரே சொல். அதை எழுதுவதற்கு மூக்கின் வடிவத்தையே பயன்படுத்தினர். மூச்சு நின்றவருக்கு மூச்சைத் திருப்பித் தரும் செயலே இம்மலரை நாசிக்கு நேரே நீட்டுவது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. 1970-களிலும் 80-களிலும் வேறொரு விளக்கம் பரவியது. நீலக்குவளையில் மயக்கம் தரும் சத்து இருக்கிறது, அதை மதுவில் ஊறவைத்துப் பருகினார்கள், விருந்துக் காட்சிகள் அந்தப் போதையையே காட்டுகின்றன என்பது அது. தொலைக்காட்சிக்கு ஏற்ற கருத்து. ஓவியங்களில் மலரை முகர்கிறார்கள். மதுக்குடத்தின் மேல் மலரைச் சுற்றியும் வைக்கிறார்கள். ஊறவைத்துப் பருகினர் என்பதை இவற்றிலிருந்து பெற முடியாது. போதையைத் தேடும் காலம் போதையையே கண்டுபிடித்துக்கொள்கிறது என்று விட்டுவிட வேண்டியதுதான்.

இனி மரத்துக்கு வருவோம். இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நெபமூன் என்பவரின் கல்லறை ஓவியத் துண்டுகள் இருக்கின்றன. ஏறத்தாழ கி.மு. 1350-ஐச் சேர்ந்தவை. நெபமூன் தீபை நகரத்து அமூன் கோயிலில் தானியக் கணக்கு எழுதியவர். 1820-ஆம் ஆண்டையொட்டி, ஹென்றி சால்ட் என்னும் ஆங்கிலேயத் தூதருக்காக ஜியோவன்னி தத்தனாசி என்பவர் அவ்வோவியங்களைச் சுவரிலிருந்து அறுத்தெடுத்தார். அந்தக் கல்லறை எங்கே இருந்தது என்பது இன்று எவருக்கும் தெரியாது. பூவையும் மரத்தையும் காப்பாற்றிக்கொண்டோம். அவை யாருக்காக வைக்கப்பட்டனவோ அவருடைய இருப்பிடத்தைத் தொலைத்துவிட்டோம்.

அத்துண்டுகளுள் ஒன்று தோட்டத்துக் குளம். நடுவே நீர், நீரில் மீன், வாத்து, குவளை. கரையைச் சுற்றி நாற்புறமும் மரங்கள்: பேரீச்சை, கிளைத்த தூம் பனை, காட்டத்தி. மேல் மூலையில் ஒரு மரத்திலிருந்து ஒரு தேவி வெளிப்பட்டு, கனியும் நீரும் தருகிறாள். மறுபக்கத்தில் ஒரு காட்டத்தி மரம் பேசுகிறது. தோட்டத்துக்கு உரியவரே என்று நெபமூனை அது வரவேற்பதாகச் சித்திர எழுத்தில் எழுதியிருக்கிறது. ஓவியர் தேவியின் மேனியை முதலில் ஆண்களுக்குரிய சிவப்பில் தீட்டிவிட்டு, பிறகு பெண்களுக்குரிய மஞ்சளால் மாற்றித் தீட்டிய தடமும் அங்கே தெரிகிறது. மரம் தாயாக வேண்டிய இடத்தில் நிறம் பிழைத்துவிடக் கூடாது அல்லவா?

காட்டத்தி என்ற பெயர் உங்களுள் விவிலியம் படித்தோர்க்குப் புதிதன்று. குள்ளனான சகேயு ஏறி நின்ற மரம் அதுவே. நம் அத்தியின் இனம். அத்தியைப் போலவே அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாய்க் காய்ப்பது. எகிப்தில் அதற்கு ஒரு தனிப்பட்ட நிலைமை உண்டு. அத்தி இனத்தின் ஒவ்வொரு மரத்துக்கும் அதற்கே உரிய குளவியொன்று காய்க்குள் புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் விதை பிடிக்கும். காட்டத்தியின் அந்தக் குளவி, மரத்தின் தாயகமான ஆப்பிரிக்கத் தென்பகுதிகளில் இருக்கிறது. எகிப்துக்கு வந்து சேரவில்லை. எனவே எகிப்தில் காட்டத்தி தானாக விதைத்து முளைப்பதில்லை. மனிதன் கிளையை வெட்டி நட்டால் உண்டு, இல்லையேல் இல்லை. காயும் தானே இனிதாகப் பழுப்பதில்லை. ஒவ்வொன்றையும் கத்தியால் கீறிவிட வேண்டும், கீறிய சில நாள்களில் பருத்துக் கனியும். கல்லறை ஓவியங்களிலும் படையல் கூடைகளிலும் காட்டத்திக் கனிமேல் ஒரு கீற்று தீட்டியிருப்பதைக் காணலாம். ஓவியர் அழகுக்காக இட்ட கோடு என்று எண்ணி அதைக் கடந்து போகிறவர் பலர். தோட்டக்காரனின் கத்தி பட்ட வடு அது.

இப்படி மனிதன் கைபட்டு வாழ்ந்த மரத்தைத்தான் எகிப்தியர் தாய் என்றார்கள். மரத்தில் வெளிப்படுபவள் சில கல்லறைகளில் வான்தேவி நூத், சிலவற்றில் ஹாதோர், சிலவற்றில் ஐசிஸ். இவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது மன்னர் பள்ளத்தாக்கில் மூன்றாம் துட்மோஸின் கல்லறைத் தூணில் உள்ள கோட்டோவியம். வண்ணச் செறிவு எதுவும் இல்லை. குழந்தை வரைந்ததோ என்று ஐயுறும் அளவுக்கு எளிய கோடுகள். ஒரு மரம், மரத்திலிருந்து ஒரு கை, ஒரு முலை, அதைப் பற்றிப் பால் அருந்தும் மன்னர். தம் தாய் ஐசிஸிடம் பால் அருந்துகிறார் என்று அருகே எழுதியிருக்கிறது. ஐசிஸ் என்பது தேவியின் பெயர். அம்மன்னரைப் பெற்ற தாயின் பெயரும் அதுவே. பல நாடுகளை வென்ற அம்மன்னர் அங்கே சின்னஞ்சிறு உருவமாய் நிற்கிறார். அம்முகம் தேவியுடையதா, பெற்றவளுடையதா என்று பிரித்துக் கேட்பவர் கேட்டுக்கொள்ளட்டும். வரைந்தவர் அந்த வேறுபாட்டுக்கு இடம் வைக்கவில்லை.

சவப்பெட்டிகளுக்கும் காட்டத்திப் பலகை மிகுதியாகப் பயன்பட்டது. எகிப்தில் நல்ல மரம் அரிது. லெபனான் தேவதாரு செல்வர்க்கே கிட்டும். கிடைத்த மரத்தைப் பயன்படுத்தினார்கள் என்று பொருளியல் நோக்கில் சொல்லிவிடலாம். அப்பெட்டியின் உட்புறத்தில் நூத் தேவியின் உருவத்தைத் தீட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இறந்தவரைத் தாய்மரத்தின் வயிற்றுக்குள் திருப்பி வைத்தார்கள் என்பது விளங்கும். இரண்டு காரணங்களும் ஒருங்கே உண்மையாக இருப்பதில் தடையில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எதையும் குறியீடாக்கிவிடும் ஆர்வம் ஆய்வாளரையும் விட்டுவைப்பதில்லை. நெபமூன் பாப்பிரஸ் படகில் நின்று நாணல் காட்டில் பறவை வேட்டையாடும் ஓவியம் உலகப் புகழ் பெற்றது. மனைவி பின்னால் பூங்கொத்துடன் நிற்க, சிறுமகள் அவர் காலருகே அமர்ந்து பூப்பறிக்க, ஒரு பூனை பறவைகளைக் கவ்விப் பிடிக்கிறது. பெல்ஜிய அறிஞர் பிலிப் தெர்ஷேன், ஜெர்மானிய அறிஞர் வெஸ்டன்டார்ஃப் போன்றோர் இத்தகைய காட்சிகளில் சொல்விளையாட்டைக் கண்டனர். எறிதல், எய்தல் ஆகியவற்றுக்குரிய எகிப்தியச் சொற்கள் கருவுறச் செய்தல், படைத்தல் ஆகிய பொருள் தரும் சொற்களோடு ஒலியொப்புமை உடையவை. ஆகவே வேட்டை என்பது மறுபிறப்புக்கான கூடலைக் குறிக்கும் என்பது அவர்கள் முடிபு. 1975-இல் தெர்ஷேன் குவளை, மாந்திரேக் கனி, பெர்சியாக் கனி ஆகிய மூன்றையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அதை முழுதும் தள்ளிவிட முடியாது. ஆனால் மஞ்சளாக, உருண்டையாகத் தீட்டிய கனி மாந்திரேக்கா, பெர்சியாவா என்பதிலேயே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒன்று அயல்நாட்டிலிருந்து வந்த சிறு செடி. காதல் விளைப்பதாகக் கருதப்பட்டது. மற்றொன்று எகிப்தியக் கோயில்களில் வளர்ந்த புனித மரம். கனி எது என்று தெரியாத நிலையில் அதன் உட்பொருளை விரித்துரைப்பது, பாடம் தெரியாத செய்யுளுக்கு உரை எழுதுவதை ஒக்கும்.

சென்னஃபரின் கல்லறை இன்னொரு சான்று. இரண்டாம் அமென்ஹோடெப் காலத்தில் தீபை நகரத் தலைவராக இருந்தவர் அவர். அவரது நிலத்தடி அறையின் கூரை சமன் செய்யப்படாமல் மேடும் பள்ளமுமாக விடப்பட்டது. ஓவியர் அந்தக் குறையையே பந்தலாக்கினார். கூரை முழுதும் திராட்சைக் கொடி; மேடுபள்ளங்களில் குலைகள் உண்மையாகவே தொங்குவதுபோல் தோன்றும். திராட்சைமது ஒசிரிஸ் தெய்வத்துக்கு உரியது. ஒசிரிஸ் இறந்து எழுந்தவர். ஆகவே கொடி மறுவாழ்வின் அடையாளம் என்று நூல்கள் சொல்கின்றன. இருக்கட்டும். சென்னஃபர் அமூன் கோயிலின் தோட்டங்களுக்கும் மேற்பார்வையாளர் என்பதை நாம் மறக்கலாகாது. வாழ்நாளெல்லாம் பந்தல்களின் நடுவே நடந்த ஒருவர், தலைக்குமேல் ஒரு பந்தல் வேண்டும் என்று விரும்பியிருக்கலாம். தம் தொழிலையும் தம் தெய்வத்தையும் அவர் பிரித்துப் பார்த்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

பாப்பிரஸ் நாணலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் தண்டின் வடிவமே ஓர் எழுத்து. 'வாஜ்' என்று படிப்பர். பச்சை, பசுமை, நலம், செழிப்பு ஆகிய அனைத்தும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். நாணல் தண்டின் வடிவில் பச்சைக் கல்லால் செய்த தாயத்தை இறந்தவரின் தொண்டைக்குழியில் வைப்பதற்கென்றே இறந்தோர் நூலில் மந்திரங்கள் இருக்கின்றன. படம், சொல், பொருள் மூன்றும் ஒன்றே. எழுத்தே செடியாக இருந்த மக்களிடம் குறியீடு என்று தனியாக ஒன்றைத் தேடுவது கடினம். பூங்கொத்துக்கும் அப்படித்தான். உயிர் என்று பொருள்படும் 'ஆங்க்' என்ற சொல்லுக்குக் கோயில் பூங்கொத்து என்ற பொருளும் உண்டு. தீபையில் ஆண்டுக்கொருமுறை நடந்த பள்ளத்தாக்குத் திருவிழாவில் அமூன் கோயிலிலிருந்து பூங்கொத்துகளைக் கல்லறைகளுக்குக் கொண்டுவந்து மூதாதையர்க்குக் கொடுத்தார்கள். கொடுத்தது பூங்கொத்தா உயிரா என்றால், அவர்கள் மொழியில் ஒரே விடைதான்.

இதுவரை சொன்னவை தீட்டிய செடிகள். தானியத்தை அவர்கள் தீட்டியதோடு நிறுத்தவில்லை. ஒசிரிஸின் உருவில் மரச்சட்டம் செய்து, அதில் நைல் ஆற்று வண்டலை நிரப்பி, தானியம் விதைத்து, நீர் ஊற்றிக் கல்லறைக்குள் வைத்தார்கள். துட்டன்காமனின் கல்லறையில் அத்தகைய சட்டம் ஒன்று கிடைத்தது. அதற்கு முன்பே மைஹெர்ப்ரி என்பவரின் கல்லறையிலும், யூயா, துயா தம்பதியரின் கல்லறையிலும் கிடைத்திருக்கின்றன. தானியம் முளைத்து, தெய்வத்தின் வடிவில் அடர்ந்து, அப்படியே உலர்ந்து நின்றது. தெய்வத்தின் உடலிலிருந்து பயிர் எழுவதைப் பிற்காலத்து ஃபிலே தீவுக் கோயிலில் புடைப்போவியமாகவும் செதுக்கினர். கொல்லப்பட்ட ஒசிரிஸ் மண்ணுக்குள் கிடக்கும் விதை. வெள்ளம் வடிந்தபின் எழும் பயிர் அவருடைய மீட்சி. ஒளி புகாத அறைக்குள் முளைத்த அந்த நாற்று சில நாள்களே வாழ்ந்திருக்கும். அச்சில நாள்கள் போதும் என்று கருதினார்கள்.

முளைத்த பயிர் விளைந்த நிலத்தைச் சென்னெஜெம்மின் கல்லறையில் காணலாம். இவர் செல்வர் அல்லர். மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து தீட்டிய தொழிலாளர் வாழ்ந்த தெயிர் எல்-மெதினா ஊரினர். 1886-இல் அவரது குடும்பக் கல்லறை சிதையாமல் கிடைத்தது. சிறிய அறை, மஞ்சள் பின்னணி, பளிச்சிடும் வண்ணம். ஒரு சுவரில் 'நாணல் வயல்' என்று அவர்கள் அழைத்த மறுமை நிலம். நாற்புறமும் நீர்க்கால் ஓட, சென்னெஜெம்மும் மனைவி ஈநெஃபர்த்தியும் உழுகிறார்கள், விதைக்கிறார்கள், கோதுமை அறுக்கிறார்கள், ஆளிச்செடி பிடுங்குகிறார்கள். எல்லாம் ஒரே சுவரில், ஒரே நேரத்தில். கீழ்வரிசையில் பேரீச்சை, தூம் பனை, காட்டத்தி எனக் கனிமரங்கள். இருவரும் விழாக்கால வெள்ளாடை உடுத்தியிருக்கிறார்கள். ஒரு துளிச் சேறும் படவில்லை.

இறந்தோர் நூலின் 109-ஆவது மந்திரம் அந்த வயலின் விளைச்சலை அளந்தே சொல்லிவிடுகிறது. வாற்கோதுமை ஐந்து முழ உயரம். அதில் கதிர் இரண்டு முழம், தாள் மூன்று முழம். கோதுமை ஏழு முழம். கதிர் மூன்று, தாள் நான்கு. அதை அறுப்போர் ஒன்பது முழ உயரத்தவர். சொர்க்கத்தை வருணிக்கும்போது பொன்னும் மணியும் சொல்லாமல் கதிருக்கும் தாளுக்கும் தனித்தனியே முழக்கணக்குச் சொல்லும் புலவர், பஞ்சத்தை அறிந்தவராகவே இருக்க வேண்டும். நைல் பொய்த்த ஆண்டுகளில் பயிர் என்ன உயரத்தில் நின்றது என்பதைக் கண்டவர்க்குத்தான் இந்த ஐந்தும் ஏழும் தோன்றும்.

இறுதியாக, இறந்தோர்மேல் சாத்திய உண்மையான மாலைகளைப் பற்றி. 1881-இல் தெயிர் எல்-பஹ்ரி மலையிடுக்கில், கள்வர்க்கு அஞ்சிப் பிற்காலப் பூசாரிகள் ஒளித்து வைத்த மன்னர்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின்மேல் இருந்த மாலைகளை ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷ்வைன்ஃபுர்ட் ஆராய்ந்தார். உலர்ந்த மலர்களை நனைத்து மென்மையாக்கி, தாளில் விரித்து, இன்றைய செடிகளோடு ஒப்பிட்டார். மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய இலையில் நரம்பு தெரிந்தது. மாலை கட்டிய முறையும் தெரிந்தது: பேரீச்சை ஓலைக் கீற்றின்மேல் பெர்சியா இலையை மடித்து, மடிப்புக்குள் குவளை இதழைச் செருகி, மெல்லிய நாரால் தைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

பெர்சியா என்றேனே, அந்த மரம் நமக்கு அயலார் அன்று. நம் மகிழ மரத்தின் இனம் அது. இரண்டும் மிமுசாப்ஸ் குடும்பத்து உடன்பிறப்புகள். துட்டன்காமனின் கழுத்தணி மாலையில் மணிகளாகக் கோத்த செந்நிறச் சிறுகனிகளை இன்றைய ஆய்வாளர் நாம் அமுக்கரா என்று அழைக்கும் செடியின் கனிகள் என்கின்றனர். இரண்டாம் ராம்சேஸின் உடலை 1976-இல் பாரிசுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது அவருடைய நாசிக்குள் மிளகு இருந்தது தெரியவந்தது. கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியிலன்றி வேறெங்கும் விளையவில்லை. அதைக் குறியீடு என்று யாரும் சொல்லவில்லை. மூக்கின் வடிவம் கெடாதிருக்க வைத்தது என்கிறார்கள்.

துட்டன்காமனுக்கு வருவோம். 1924 பிப்ரவரியில் கல்பெட்டியின் மூடியை ஹோவர்டு கார்ட்டர் உயர்த்தியபோது, பொன்முலாம் பூசிய வெளிச் சவப்பெட்டியின் நெற்றியில், கழுகும் நாகமும் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு சின்னஞ்சிறு மலர்வளையம் இருந்தது. பொன்னின் பேரொளிக்கு நடுவே அந்த வாடிய பூக்களே தம்மை மிகவும் நெகிழ்வித்தன என்று கார்ட்டர் எழுதினார். இளம் விதவை அரசி கணவனுக்கு இட்ட கடைசிக் காணிக்கை அது என்பது அவர் எண்ணம். சமய நூல் அறிந்தோர் வேறு விளக்கம் தருவர். மறுமை நீதிமன்றத்தில் வென்றவர்க்குச் சூட்டும் வெற்றி வளையம் அது. இறந்தோர் நூலின் 19-ஆவது மந்திரம் அதற்கென்றே இருக்கிறது. மலர்களை ஆராய்ந்த பெர்சி நியூபெரி மூன்றாவதாக ஒன்றைக் கண்டார். மாலைகளில் நீலப்பூவும், மாந்திரேக் கனியும், செந்நிறச் சிறுகனிகளும் இருந்தன. இவை மூன்றும் ஒருங்கே கிடைக்கும் பருவம் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதிவரை. உடலைப் பதப்படுத்த 70 நாள் ஆகும். அப்படியானால் அந்த இளைஞன் இறந்தது குளிர்காலத்தில். எந்தக் கல்வெட்டும் சொல்லாத செய்தியைப் பூக்கள் சொல்லிவிட்டன.

காதல், மந்திரம், பருவம் என்று ஒரு சாண் அளவுகூட இல்லாத வளையத்துக்கு மூன்று விளக்கங்கள். கார்ட்டருடையது மிகையுணர்ச்சி என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மந்திரம் விதித்த வளையம் என்பதால் அதைக் கட்டியவர் அழவில்லை என்று ஆகிவிடாது.

1881-இல் கிடைத்த உடல்களுள் முதலாம் அமென்ஹோடெப்பினுடையதும் ஒன்று. தலைமுதல் கால்வரை மலர்மாலைகள் சுற்றியிருந்தன. காஸ்டன் மாஸ்பெரோ மற்ற மன்னர்களின் துணிச்சுற்றைப் பிரித்துப் பார்த்தவர். இந்த உடலின் அழகைக் கண்டு பிரிக்காமல் விட்டுவிட்டார். 2021-இல் சஹர் சலீம், சாகி ஹவாஸ் ஆகியோர் கணினி ஊடுகதிர்ப் படங்களின் முடிவுகளை வெளியிட்டார்கள். துணியைத் தொடாமலே உள்ளே இருப்பதைப் பார்த்தார்கள். மாலை கலையவில்லை. அந்தச் சவப்பெட்டிக்குள் மலர்களின் நடுவே ஒரு குளவியும் இருந்ததாக மாஸ்பெரோ குறித்திருக்கிறார். மூடும் வேளையில் மணத்தைத் தேடி வந்து உள்ளே சிக்கியிருக்கிறது. மாலை கட்டியபோது அந்தப் பூக்களுக்கு மணம் இருந்தது.